முன்வாசலில் கொடுத்த பணியாரம்

காரைக்குடியில் அந்தப் பெண்கள் காப்பகம் இப்போது புதுக் கட்டடத்தில் இருக்கிறது. கேமரா உண்டு, காவலுக்கு ஆள் உண்டு. சமையல்காரி சோலையம்மாளுக்கு மட்டும் அதன்மேல் பெரிய மரியாதை கிடையாது. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. உள்ள நொழைஞ்சாலே ஊசி போட்ருவாகளோன்னு இருக்கு" என்பாள்.

அவளுக்குக் காப்பகம் என்றால் பழைய வாடகை வீடுதான். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் வளவு வளவாக, முற்றத்துக்குப் பின்னால் முற்றமாக நீண்ட வீடு. பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினால், பிடிக்கப் போன பிள்ளையையும் சேர்த்துத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புருஷனிடம் அடிபட்டு வந்த பெண்கள் முதலில் மூச்சுச் சத்தம்கூட வெளியே வராமல் இருப்பார்கள். கொஞ்ச நாளில் டிவி ரிமோட்டுக்குச் சண்டை வரும். சோலையம்மாள் அடுப்படியிலிருந்தே சிரித்துக்கொள்வாள். சண்டை போடத் தெம்பு வந்துவிட்டதே!

வந்தவர்களைச் சும்மா அனுப்பத் தெரியாது அவளுக்கு. "சாப்பிட்டீகளா?" என்று அவள் கேட்பது கேள்வி இல்லை, உத்தரவு. கேஸ் சிலிண்டர்க்காரர் தப்பியதில்லை. கரண்ட் ரீடிங் எடுப்பவர் தப்பிக்க விரும்பியதே இல்லை. பலகார நேரம் பார்த்துத்தான் வருவார்.

காப்பகப் பொறுப்பாளர் விசாலிக்கு ஒரே கண்டிப்பு: உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியே சொல்லக்கூடாது. உயிரே போனாலும் சோலையம்மாள் சொல்ல மாட்டாள். ஆனால் நாக்குக்குப் போட்ட பூட்டைக் கைக்கும் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒக்கூர்ப் பக்கத்துப் பெண் ரோகிணி, கையில் மாவுக்கட்டோடும் மகள் கயலோடும் வந்திருந்தாள். யாரோடும் பேச்சில்லை. கட்டுப் பிரித்த மறுநாள் காலை, தானாக அடுப்படிக்கு வந்தாள்.

"அக்கா, இன்னைக்குச் சட்னி நான் அரைக்கவா?"

அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அதுதான். சோலையம்மாள் மிக்ஸியையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். ரோகிணி மிளகாய், பூண்டோடு நாரத்தை இலை இரண்டைக் கிள்ளிப் போட்டாள்.

"இதென்னடி கூத்து?"

"சாப்ட்டுப் பாத்துட்டுத் திட்டுங்கக்கா."

சாப்பிட்டுப் பார்த்தவள் திட்டவில்லை.

அன்றைக்கே முன்வாசலில் ஓர் ஆள் நின்றான். தேய்த்த வெள்ளைச் சட்டை, அதைவிடத் தேய்த்த குரல். "அக்கா, எம் பேரு அழகுராஜா. எம் பொண்டாட்டி ரோகிணி இங்குட்டு இருக்காளா? பாப்பாவையாச்சும் ஒருவாட்டி பாத்துட்டுப் போறேன்."

"அப்படி யாரும் இல்லையே தம்பி."

பொய்யைப் பிசகாமல் சொல்லிவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். ஆள் வேர்த்துப்போய் நிற்கிறானே! "வெயில்ல வந்துருக்கீக. ரெண்டு பணியாரம் சாப்ட்டுப் போங்க" என்று தட்டை நீட்டினாள்.

அவன் சட்னியில் தொட்டு ஒரு கடி கடித்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"நாரத்தை எல போட்டு அரைக்கிறவ ஒருத்திதான்."

"நான்தான் அரைச்சேன்" என்றாள் சோலையம்மாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

தட்டு பறந்தது. குரலில் இருந்த இஸ்திரியும் போனது. "ஏய் ரோகிணி! வெளிய வாடி!" சோலையம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு முதுகைக் கொடுத்து நின்றாள். ஒவ்வொரு உதைக்கும் கதவோடு சேர்ந்து அவளும் அதிர்ந்தாள். உள்ளே ஒரு பிள்ளைச் சத்தம் இல்லை.

விசாலி போலீசுக்குப் போன் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ரோகிணி, பின்பக்கம் ஆட்டோ நிக்குது. கெளம்பு."

கயலின் கையைப் பிடித்துப் பாதி தூரம் போன ரோகிணி நின்றாள். திரும்பி வந்து, சாத்திய கதவைப் பார்த்துப் பேசினாள்.

"இங்கதான் இருந்தேன். இனி உங்ககூட வர மாட்டேன். பேச வேண்டியத கோர்ட்ல பேசுங்க."

வெளியே உதை ஒரு நொடி நின்றது. அடிவாங்கும்போதுகூடப் பேசாதவளின் குரல் இது என்று அவனுக்குப் பிடிபட அவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

"என் கையாலயே காட்டிக் குடுத்துட்டேனேடி" என்று சோலையம்மாள் அழுதாள்.

"நீங்க போட்ட சோத்துலதான்க்கா எனக்குக் குரலே வந்துச்சு" என்று சொல்லிவிட்டு ரோகிணி பின்தெருவில் ஆட்டோ ஏறினாள். போலீஸ் வந்து அழகுராஜாவை அழைத்துப் போனது. ரோகிணியை வேறு ஊர்க் காப்பகத்துக்கு மாற்றினார்கள். அதோடு சரி, சோலையம்மாள் அவளைப் பார்க்கவே இல்லை.

இப்போதும் புது அடுப்படியில் மாவு கரைக்கும்போது அந்த வீட்டு இரைச்சல் காதில் வரும். அதில் ஒரு குரலை மட்டும் தேடுவாள். போன வாரம் விசாலி அடுப்படிக்கு வந்தபோது மெல்லக் கேட்டாள்.

"தாயி, கயலு பள்ளிக்கூடம் போகுதா?"

"போகுதுக்கா. ரோகிணியும் வேலைக்குப் போறா. தீர்ப்பும் அவ பக்கந்தான்."

"எந்த ஊர்ல..." என்று ஆரம்பித்தவள், விசாலி வாயைத் திறப்பதற்குள் மாவுக் கையோடு தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம் தாயி. நான் கால்ல விழுந்து கேட்டாலும் சொல்லிறாதீக."