நடுவில் வந்த பெட்டி

எங்கள் சபையின் சாமான் அறையில், கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களுக்கு அடியில் ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் கிடைத்தது. கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுகள் வைத்த பழைய காலத்துச் சாமான். யாரோ வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து காணிக்கையாகக் கொடுத்ததாம். ஒலியைப் பெருக்கும் பகுதி மட்டும்தான் இருந்தது. ஒலி வெளியே வரவேண்டிய ஸ்பீக்கர் பெட்டியைக் காணோம்.

நான் கூட்டுறவு வங்கியில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பேன். அன்றைக்கே அதை வீட்டுக்குத் தூக்கிப்போய்த் துடைத்து, மெல்ல சூடேறட்டும் என்று 'ஸ்டாண்ட்பை' என்ற காத்திருப்பு நிலையில் மட்டும் போட்டேன். வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்பீக்கரை இணைக்காமல் ஓடவிட்டால் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். சாப்பிட்டு முடித்ததும் அதன் முன்னால் போய் உட்கார்ந்து வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவி தன் அக்காவுக்குப் போன் செய்து யோசனை கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

பெட்டி வாங்கச் சபைக் கமிட்டி ஒப்புக்கொண்டது. "கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம்" என்று இரண்டு பெட்டிகளை இரவலாகக் கொண்டுவந்தேன். ஒன்று, களியக்காவிளைப் பழைய சாமான் கடையில் கிடைத்த நான்கு ஸ்பீக்கர் பெட்டி, இடுப்பளவு உயரம். இன்னொன்று, குளச்சலில் ஒரு பழைய இசைக்குழுக்காரர் வீட்டில் டிவிக்கு அடியில் இருந்த ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி.

பொருளாளருக்குப் பெரிய பெட்டி பிடித்தது. அதனால் செயலாளருக்குச் சின்னது பிடித்தது. கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்பதில் தொடங்கிய பகை அவர்களுடையது.

"பெட்டின்னா பாக்கியதுக்குப் பெட்டி மாதிரி இருக்கண்டாமா?" என்றார் பொருளாளர்.

"ஓய், அதை வச்சா பாடகர் குழுவ முற்றத்துலதான் நிறுத்தணும்," என்றார் செயலாளர்.

கமிட்டியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் உண்டு. எதையும் விளங்கிக்கொண்டுதான் கை தூக்குவார். "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் மக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"சின்னது எட்டு ஓம், பெரியது பதினாறு ஓம், டீச்சர். ஆம்ப்ளிஃபயர்ல ரெண்டுக்கும் ஸ்விட்ச் இருக்கு."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம சபைக்குள்ள பதினாறு ஓமா?"

"அந்த ஓம் இல்ல டீச்சர். மின்தடைக்க அளவாக்கும். ஒரு வெள்ளக்காரருக்க பேரு."

"ஞானஸ்நானம் எடுத்தவரா?"

"எடுத்திருப்பாரு."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "எதுக்கும் எட்டு போதும். பதினாறு வேண்டாம்."

இதைக் கேட்டதும் பொருளாளர் எழுந்து நின்றுவிட்டார். சத்தம் கூடியது. கடைசியில் எங்கள் போதகர் ஒரு வழி சொன்னார். யாரும் பெட்டியைப் பார்க்க வேண்டாம். கிறிஸ்துமஸ் நாடகத் திரையைக் கட்டி, பின்னால் உட்கார்ந்து ஒரே பாட்டை இரண்டிலும் நான் வாசிக்க வேண்டும். காதுக்கு எது நல்லதோ அதற்கே கை தூக்கலாம்.

சனிக்கிழமை மாலை ஆலயத்தில் கூடினோம். திரைக்குப் பின்னால் இருந்து முதலில் பெரிய பெட்டியில் வாசித்தேன். ஓட்டுக் கூரையிலிருந்து புறாக்கள் எழுந்து பறந்தன. பிறகு ஆம்ப்ளிஃபயரை அணைத்து, வயரைச் சின்னப் பெட்டிக்கு மாற்றி, ஸ்விட்சையும் திருப்பி வைத்தேன். சூடு கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்தபோது சும்மா இருக்க முடியாமல் அதே பாட்டை வெறும் கிட்டாரில் மெதுவாக வாசித்தேன். என் கிட்டார் உள்ளே வெற்றிடமான மரக்குடம் கொண்டது; வயர் மாட்டாவிட்டாலும் ஓரளவு கேட்கும். அப்புறம் சின்னப் பெட்டியில் வாசித்து முடித்தேன்.

நடுவில் போதகருக்கு ஒரு போன் வந்து வெளியே போயிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர், "முதல் பெட்டிக்கு யாரெல்லாம்?" என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. "ரெண்டாவது?" எல்லாக் கையும் எழுந்தது. நான் திரையை விலக்கிச் சின்னப் பெட்டியைக் காட்டினேன்.

"இது கடைசில வந்தது," என்றார் பொருளாளர். "நாங்க சொல்லுதது நடுவுல வந்தது."

"நடுவுல பெட்டியே இல்ல. அது வெறும் கிட்டாராக்கும்," என்றேன்.

"பெட்டி இல்லாம சத்தம் எங்கேந்து வந்துது?" என்றார் செயலாளர்.

"அவரு கேக்கியது நியாயம்," என்றார் பொருளாளர்.

அவர்கள் இருவரில் ஒருவர் பேச்சை மற்றவர் நியாயம் என்று சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. செயலாளரே திரும்பிப் பார்த்தார். டீச்சர் மட்டும், "வெறும் கிட்டாரே இத்தன நல்லா இருந்தா, அதுக்க பெட்டி இன்னும் நல்லா இருக்கும்," என்றார். நடுவில் வந்த பெட்டியே வேண்டும் என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

நான் வாயைத் திறக்கப் போனேன். போதகர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். "தம்பி, ரெண்டு பேரும் ஒத்துப் போயிருக்காவ. நான் வந்த நாளிலேந்து இதுக்குத்தான் ஜெபம் பண்ணுதேன். கெடுத்துராதப்பா."

இரவல் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தேன். குளச்சல்காரர் டிவியைத் தரையில் வைத்துக் குனிந்து பார்த்து முதுகு பிடித்துப்போய் இருந்தார். அடுத்த ஞாயிறு ஆம்ப்ளிஃபயரை ஸ்டூலில் ஏற்றி ஸ்டாண்ட்பையில் போட்டு, வெறும் கிட்டாரை வாசித்தேன். வால்வுகள் சிவந்து ஒளிர, சபை மொத்தமும் அதையே பார்த்தது. எனக்கு முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் மூச்சை அடக்கிக் காது கொடுத்தபோது நானும் கவனமாக வாசித்தேன். அவ்வளவு சுத்தமாக நான் முன்பு வாசித்ததில்லை. மார்த்தாண்டம் பக்கத்துச் சபையிலிருந்து ஒரு கிட்டார்காரர் வந்து ஸ்டூலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெட்டியை எங்க மறைச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கமிட்டியிடம் கேட்கச் சொன்னேன்.

போன வாரம் செயலாளரும் பொருளாளரும் ஒரே ஸ்கூட்டரில் என் வீட்டுக்கு வந்தார்கள். பின்வரிசைக்குச் சத்தம் எட்டவில்லையாம், அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கூட்டி வைக்க முடியுமா என்று கேட்டார்கள். என் கிட்டாருக்கு முன்னால் ஒரு மைக் வைப்பதாகச் சொன்னேன். இருவருக்கும் சம்மதம். காப்பி குடித்துவிட்டு இறங்கியவர்கள், திரும்பிப் போகும்போது வண்டியை யார் ஓட்டுவது என்று வாசல் கேட்டின் அருகே நின்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.