எந்தப் பக்கம் இழுப்பது?

பள்ளத்தில் இறங்கிய வாகனங்களை இழுத்து மேலே விடுவது என் தொழில். எப்படி இழுப்பது என்று எனக்குச் சொல்லித் தராத ஆள் ஹட்டன் - மஸ்கெலியா பாதையில் கிடையாது. உயர்தர வகுப்புக் கணக்கில் 'காவி' (வெக்டர்) என்றொரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? பலம் எவ்வளவு என்று சொன்னால் போதாது, எந்தப் பக்கம் என்றும் சொல்ல வேண்டும். அதில் உங்களைப் போலவே நானும் மண்ணைக் கவ்வியவன்தான்.

கல்யாண வேன்

பொண்ணு மாப்பிள்ளை போன வேன் பாதையோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இழுக்க, பெண் வீட்டார் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வேன் நின்ற இடத்திலேயே நின்றது. எல்லோரையும் கெஞ்சிக் கூத்தாடி ஒரே பக்கம் நிறுத்தினேன். ஒரே தம்மில் வந்துவிட்டது. பெண்ணின் தாய்மாமன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நிச்சயம் பண்ணுனதுல இருந்து ரெண்டு வீடும் ஒரே பக்கம் நின்னது இப்பதாங்க."

நடுவில் வந்த ஆட்டோ

கடைக்காரர் ஒருவரின் ஆட்டோ பாதைக்குக் கீழே தேயிலைக்குள் கிடந்தது. நேராக இழுக்க வழியில்லை. பாதை ஒடுக்கம், எதிரே மண்மேடு. இரண்டு கயிறு கட்டினேன். ஒன்றை என் ஜீப் இடப்பக்கம் இழுத்தது, மற்றதை ஆட்கள் வலப்பக்கம் இழுத்தார்கள். ஆட்டோ நடுவால் சமர்த்தாக ஏறி வந்தது. கடைக்காரருக்கு நம்பிக்கை வரவில்லை. "நீங்க அந்தப் பக்கம் போறீங்க, அவங்க இந்தப் பக்கம் போறாங்க, என் ஆட்டோ யார் பேச்சக் கேட்டு வந்திச்சு?"

லயத்துக்கு மேலே

மழையில் சறுக்கிய தேயிலைக் கொழுந்து லொறி, பாதை ஓரத்தில் சாய்ந்து நின்றது. நேர் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம். கடைசி வீட்டுச் செல்வி, கைக்குழந்தையோடு வெளியே வந்து நனைந்துகொண்டு நின்றாள். "முன்னால இழுங்க, முன்னால இழுங்க" என்று கூட்டம் கத்தியது. அப்படி இழுத்தால் முன்பக்கம் பாதைக்கு வரும், பின்பக்கம் அவள் கூரைமேல் இறங்கும்.

கொழுந்து மூட்டைகளை இறக்கினோம். லொறியின் பின்பக்கத்தை மேட்டிலிருந்த பெரிய மரத்தோடு இறுக்கிக் கட்டிவிட்டு, முன்பக்கத்தை ஜீப்பால் இழுத்தேன். ஒரு தடவை பின்சில்லு வழுக்கியது. கயிறு தாங்கிக்கொண்டது. லொறி மெல்லத் திரும்பிப் பாதைக்கு வந்ததும், அப்பாடா என்று அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். செல்வி பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணே, உள்ள வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. வீடு இருக்குதானே."

பரீட்சையில் ஒரு தடவைகூடச் சரியாக வராத காவிக் கணக்கு விடை, அன்றைக்கு ஆவி பறக்க ஒரு கோப்பையில் வந்தது.