வெள்ளைத் துவர்த்தும் சிவப்புச் சீலையும்

எங்கள் அப்பாவின் தாய்மாமன் எழுபது வயதுக்கு மேல் தனியாகக் குடியிருந்தார். அதில் ஒரு குற்றமும் இல்லை என்று அவர் நினைத்தார். குடும்பத்தில் வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை.

அவரைச் சின்னவர் பெரியவர் எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். முறை பார்த்தால் எனக்கு அவர் பாட்டா. ஆனால் பாட்டா என்று கூப்பிட்டால் அவர் காதில் விழாது. மாமா என்றால் வயலுக்கு அந்தக் கரையிலிருந்தே திரும்பிப் பார்ப்பார். மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகியிருந்தது. விடியுமுன் குளத்தில் குளித்து, தானே கஞ்சி வைத்து, தேங்காய்த் துவையல் அரைத்துக் குடித்துவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு கிளம்பிவிடுவார். யார் வீட்டிலோ கொழும்பிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். யார் வீட்டிலோ கல்யாணக் கறிக்கு எத்தனை காய் வெட்ட வேண்டும் என்று கணக்குச் சொல்ல வேண்டும். வெயில் தாழ்ந்ததும் கால்வாய் மதகுக் கலுங்கின் மேல் உட்கார்ந்து நாலைந்து கிழவர்களோடு ஆடுபுலி ஆட வேண்டும். புலியாக ஆடினாலும் ஆடாக ஆடினாலும் மாமா கள்ளாட்டம்தான் ஆடுவார். அது ஊருக்கே தெரியும். தெரிந்தும் அவரோடுதான் ஆடுவார்கள்.

எங்கள் நாஞ்சில் நாட்டில் முன்பெல்லாம் மருமக்கள்வழி. ஒருவருடைய சொத்து அவர் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். பிறகு சட்டம் வந்து மகனுக்கும் உரிமை உண்டு என்று ஆயிற்று. சட்டம் புதிது, வழக்கம் பழையது. ஆகவே மாமாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியது மருமகனான எங்கள் அப்பாவா, மாமாவின் சொந்த மகனா என்று கேட்டால் இருவருமே நான்தான் என்றார்கள். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிற சண்டையை எங்கும் பார்க்கலாம். பிடித்து இழுக்கிற சண்டையை நான் எங்கள் வீட்டில்தான் பார்த்தேன்.

எனக்கு எட்டு வயதாயிருந்தபோது ஆனி மாதத்தில் ஒருநாள் மாமா குளத்துப் படியில் பாசி வழுக்கி விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். செய்தி கிடைத்த மறுநிமிஷம் அப்பா வில்வண்டியைப் பூட்டினார். நானும் தொற்றிக்கொண்டேன். நாங்கள் கிழக்கேயிருந்து போய்ச் சேர்ந்தபோது மேற்கேயிருந்து மாமாவின் மகனும் தன் வண்டியோடு வந்து நின்றார். இரண்டு வண்டிக் காளைகளும் மூக்கோடு மூக்கு முட்டி நிற்க, அப்பாவும் அவருடைய அத்தானும் பேச ஆரம்பித்தார்கள். ஒரு நாழிகை ஆகியும் முடியவில்லை. மாமா காலில் பற்றுப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரு கால அந்த வண்டியிலயும் ஒரு கால இந்த வண்டியிலயும் வைக்கட்டா? சுளுக்குன காலு யாருக்குன்னு மட்டும் சொல்லிப் போடுங்க.”

கடைசியில் மாதம் ஒரு வீடு என்று முடிவாயிற்று. எங்கள் வண்டி ஒரு நிமிஷம் முந்தி வந்துவிட்டதால் முதல் மாதம் எங்களுக்கு.

அப்புறம் நடந்ததை உபசாரம் என்று சொன்னால் உபசாரம், சிறை என்று சொன்னால் சிறை. சாய்வு நாற்காலி ஒன்றை முன்னறையில் போட்டு அதில் மாமாவை உட்கார வைத்தார்கள். கிணற்றடிக்குப் போனால் அம்மை வாளியைப் பிடுங்கிக்கொள்வாள். தொழுவத்துப் பக்கம் போனால் அப்பா கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடுவார். வெந்நீர், எண்ணெய், குழைந்த சோறு, எல்லாம் நாற்காலிக்கே வரும். எங்கள் வீட்டில் இராத்திரி பால் கொடுத்தார்கள் என்று தெரிந்ததும் மகன் வீட்டுப் பாலில் ஏலக்காய் விழுந்தது. அவர்கள் ஏலக்காய் போட்டதும் நாங்கள் குங்குமப்பூவுக்குப் போனோம். மாமா வேண்டாம் என்று சொல்லித் தப்பித்தது ஒன்றே ஒன்றுதான். வாசலில் நின்ற வருக்கைப் பலாவின் பழத்தை, எங்களுக்கு அது சக்கை, வெட்டி அம்மை ஒரு தட்டு நிறையச் சுளை கொண்டு வைத்தபோது, “எனக்கும் சக்கைக்கும் ஆகாது பிள்ளே. ஒரு சுளை தின்னாப் போதும், ராத்திரி பூரா வயிறு மத்தளம் அடிக்கும்” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

மாமா வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்கு அது நல்ல உத்தியோகமாகத்தான் பட்டது. பகலெல்லாம் நாற்காலிக்கு முன்னால் கரிக்கோடு போட்டு, புளியங்கொட்டையை ஆடாகவும் கூழாங்கல்லைப் புலியாகவும் வைத்து அவரோடு விளையாடலாம். முதலில் நன்றாகத்தான் போயிற்று. நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் திரும்பி வருவதற்குள் இரண்டு புளியங்கொட்டைகள் காணாமல் போயிருக்கும். நான் கத்துவேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மகன் வீட்டுக்குப் போய்விட்டு மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தபோது கால் சரியாகியிருந்தது. மாமா சரியாக இல்லை. காலையில் ஒருதரமும் மாலையில் ஒருதரமும், இன்னைக்கு என்ன கிழமை என்று என்னிடம் கேட்டார். அரைஞாண் சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். தண்ணீர் குடிக்க இரண்டு தடவை எழுந்து போயும் புளியங்கொட்டை எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அழுதுகொண்டே தொழுவத்துக்கு ஓடி அப்பாவிடம் சொன்னேன்.

“அப்பா, மாமா கள்ளாட்டம் ஆட மாட்டேங்காரு.”

அப்பா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு முன்னறைக்குப் போய் மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலமே மாமாவின் மகனுக்கு ஆள் போயிற்று. அவர் வந்ததும் மாமா, நான் என் வீட்டுக்குப் போறேன் என்றார். அவ்வளவுதான், இத்தனை நாள் எதிரெதிராக நின்ற இருவரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். மருமகன் விரட்டிவிட்டான் என்று ஊர் பேசும் என்றார் அப்பா. மகன் விரட்டினான் என்றுதான் பேசும் என்றார் மாமாவின் மகன். இரண்டையும் விடப் பெரிய கேள்வியை அவரே கேட்டார்.

“தனியா கெடந்து எங்கயாம் விழுந்தா யாருக்குத் தெரியும் அப்பா?”

மாமா இதற்குப் பதில் தயாராக வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் வயல்தான். அவருக்கும் மகனுக்கும் நடுவிலும் வயல்தான். மரம் மட்டை ஒன்றும் மறைக்காது. தினமும் குளித்து வந்ததும் உடம்பு துவட்டிய வெள்ளைத் துவர்த்தை மூங்கில் கம்பில் கட்டி முற்றத்தில் நட்டுவைப்பேன் என்றார். துவர்த்து பறந்தால் நான் சுகம். வெயில் ஏறியும் பறக்கவில்லை என்றால் வண்டியைப் பூட்டுங்கள்.

இருவரும் யோசித்தார்கள். வேறு வழி தெரியாமல் தலையாட்டினார்கள். உடனே மாமா தன் பங்குக்கு ஒன்று கேட்டார்.

“நான் மட்டும் கட்டுனா நியாயமா? நீங்க சுகமா இருக்கேளான்னு எனக்குத் தெரிய வேண்டாமா? நீங்களும் ஆளுக்கொரு துணி கட்டணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மையும் சிரித்தாள். வீடு நிறைய ஆளிருக்கும்போது எங்களுக்கு என்ன வந்துவிடும்? கிழவர் ரோஷத்துக்குச் சொல்கிறார் என்று ஒத்துக்கொண்டார்கள். மகன் வீட்டுக்கு மஞ்சள் துணி. எங்கள் வீட்டுக்கு அம்மையின் பழைய சிவப்புச் சீலையில் கிழித்த துண்டு. அதை வைக்கோல் படப்பில் சொருகிய கம்பில் கட்டுவதும் மாலையில் அவிழ்ப்பதும் என் தலையில் விழுந்தது. கடிதம் படிக்கத்தான் மாமாவுக்குக் கண்ணாடி வேண்டுமே தவிர, தூரத்துப் பார்வை கழுகுப் பார்வை.

மூன்று மாதம் வெள்ளைத் துவர்த்து ஒருநாள் தவறாமல் பறந்தது. தை மாதத்தில் ஒருநாள் பறக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் அப்பா சாப்பிட்ட கையோடு வண்டியைப் பூட்டினார். மேற்கேயிருந்தும் வண்டி வந்தது. மாமா வீட்டுக்குத் திரும்புகிற பாதை கால்வாய்ப் பாலத்தில் குறுகும். அங்கே இரண்டு சக்கரமும் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு இரண்டு வண்டியும் அசையவில்லை. இரண்டு பேரும் குதித்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். பின்னால் நான். போய்ப் பார்த்தால் முற்றம் நிறையக் கிழவர்கள். கலுங்குக் கூட்டம் முழுக்க அங்கே இருந்தது. அறுவடை முடிந்து மாமா எல்லாருக்கும் புத்தரிசிப் பாயசம் வைத்திருந்தார். வந்தவர்களில் ஒருவர் துவர்த்து கொண்டுவராமல் குளிக்கப் போனதால், மாமா கம்பிலிருந்ததை அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார். மூச்சு வாங்க நின்ற இருவரையும் பார்த்து, “சரியான நேரத்துக்குத்தான் வந்தியோ. இலை போடட்டா?” என்றார்.

அப்பா அந்தக் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். தனியாகக் கிடக்கிறார் என்று இத்தனை நாள் யாரைச் சொன்னோம் என்று தோன்றியிருக்க வேண்டும். உட்கார்ந்து இரண்டு இலைப் பாயசம் குடித்தார். அதற்குப் பிறகு மாமாவைக் கூட்டிக்கொண்டு வருவது பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை.

மறுபடி சக்கைக் காலம் வந்தது. ஒருநாள் விடிந்ததும் வாசல் வருக்கையிலிருந்து இரண்டு ஆள் தூக்குகிற பழம் ஒன்றை இறக்கினார்கள். அது பழுத்து ஊரெல்லாம் மணத்தது. அப்பா வயலுக்குப் போயிருந்தார். அம்மை வெட்ட வெட்ட, கைகளில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு நாங்கள் பிள்ளைகள் கொல்லைப்புறத்தில் சுற்றி உட்கார்ந்து பிசினும் தும்புமாகச் சுளை பிரித்துக்கொண்டிருந்தோம். கூடையில் விழுந்ததை விட வாயில் விழுந்தது அதிகம். மாமாவின் துவர்த்து வயலுக்கப்பால் அதன்பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தது. எங்கள் சிவப்புச் சீலை உறியில் மடித்து வைத்தபடியே இருந்தது. யாருக்கு அது ஞாபகம்?

வெயில் உச்சிக்கு ஏறுகிற சமயத்தில் கொல்லை வேலிப்பக்கம் சலசலத்தது. மாமா நின்றார். பாதையில் வராமல் வயலுக்குக் குறுக்கே வந்திருந்தார். நடவு நட்ட வயல், முழங்கால் வரை சேறு. மேலே துண்டு இல்லை, கையில் ஊன்று கம்பு இல்லை. எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்.

“அப்பன் எங்க மக்கா?”

“வயலுக்குப் போயிருக்காரு.”

“அம்மைக்குச் சுகம்தானா?”

அம்மை அரிவாளும் கையுமாக எழுந்து, இந்த வெயிலில் என்ன மாமா என்று பதறினாள். மாமா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். மூச்சு அடங்க நேரமாயிற்று. ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.

“ஒண்ணுமில்ல. சக்கப்பழ மணம் அங்க வரைக்கும் வந்துது. இருக்க முடியல்ல.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் வீட்டுச் சக்கை வயல் தாண்டி மணக்கிறதென்றால் சும்மாவா? பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். ஒரு தட்டு சுளையை அவர் முன்னால் வைத்தேன். மாமா ஒவ்வொன்றாக நாலு சுளை தின்றார். போன வருஷம் ஆகாது என்ற பழம் இந்த வருஷம் எப்படி ஆயிற்று என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவர் வீட்டுக் கதவு திறந்தபடி கிடந்ததைப் பார்த்து, பலசரக்குக் கடைக்காரர் உள்ளே போய்த் தேடினார் என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னார்கள். அதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கை கழுவிவிட்டு மாமா எழுந்தார். வண்டியில் கொண்டுவிடுகிறோம் என்று அம்மை சொன்னதைக் கேட்கவில்லை. நேரே உள்ளே போய் உறியிலிருந்த சிவப்புச் சீலையை எடுத்துக்கொண்டு படப்புப் பக்கம் போனார். கம்பில் அதை இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டார்.

“மாமா, மத்தியானம் ஆயாச்சே, இனி எதுக்குக் கட்டுதிய?” என்று நான் கேட்டேன்.

“வீட்டுக்குப் போயிப் பாக்கணும்லா மக்கா” என்றார்.

இப்போதுதான் எங்களையெல்லாம் நேரிலேயே பார்த்துவிட்டாரே, இனி அங்கே போய் என்னத்தைப் பார்க்கப் போகிறார்? வரப்பில் இறங்கி அவர் போவதைப் பார்த்துக்கொண்டு, விரலில் ஒட்டிய பிசினைத் தேய்த்தபடி நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.