இரண்டாம் முறை எடுத்த திருவுளச்சீட்டு

இங்கே மேலதிகாரியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் "பிரிகிட்டா" என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. அதைவிட விசித்திரம், அந்த அம்மாள் நம்மிடம் யோசனை கேட்பது. தொண்ணூற்று மூன்றில், பிளஸ் டூ முடித்த கையோடு, திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் கோபோல் என்ற கணினி மொழி படித்தேன். நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொரு வரியையும் எட்டாவது கட்டத்துக்கு முன்னால் ஏன் தொடங்கக்கூடாது என்று ஒருத்தன் கேட்டதற்கு மாஸ்டர், "நீதான் கோபோல கண்டுபுடிச்சியா? சொன்னத செய்டா" என்றார். அப்படி வளர்ந்தவன் நான்.

எங்கள் கிடங்கில் எந்தச் சரக்கு எந்த லாரியில் ஏற வேண்டும் என்பதைச் சொல்வது முப்பது வருடப் பழைய கோபோல் நிரல்கள். எழுதியவர் என் சக ஊழியர் டீட்டர். ஐம்பத்தெட்டு வயது; மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அந்த நிரல்களைத் தொடாமல், அவற்றை ஏவி வேலை வாங்கச் சின்னச் சின்ன நிரல்கள் தேவைப்பட்டன. எந்த மொழியில் எழுதலாம் என்று பிரிகிட்டா என்னைக் கேட்டார். ஒன்று ரெக்ஸ்; பழைய இயந்திரத்தோடு கூடவே வந்தது, டீட்டருக்குத் தலைகீழ்ப் பாடம். இன்னொன்று பைத்தான், இருவருக்குமே தெரியாது, ஆனால் வயது குறைந்த நான் கற்றுக்கொள்ளலாம். அடுத்த வருடம் எங்கள் பிரிவில், எங்கள் இருவரில் அந்த மொழிக்கு ஏற்ற ஒரே ஆள்தான் என்பதையும் சொல்லிவிட்டார். எனக்கு வேலை போனால் விசாவும் போகும்.

வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, செபமாலை சொல்லி, இரண்டு சீட்டு எழுதிப் போட்டேன். என் மனைவி ஆரோக்கியமேரி எடுத்தாள். ரெக்ஸ்.

"சரியா குலுக்கல. இன்னொருவாட்டி எடு" என்றேன்.

"இன்னாங்க இது? எடுத்தா எடுத்ததுதான். மாதாகிட்டயே பேஜாரு பண்ணிக்கினு!"

"ஊருக்கு மூட்டை கட்றியா?"

அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். நானே எடுத்தேன். பைத்தான்.

எப்படி முடிவு செய்தாய் என்று பிரிகிட்டா கேட்டபோது, அம்மாவிடம் கேட்டேன் என்று என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். "உன் அம்மாவும் புரோகிராமரா?" என்று சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். முதல் சீட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. டீட்டர் கை கொடுத்து, "நல்ல முடிவு. என்னைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். அந்தக் கை என்னை அடித்திருந்தால் தேவலை. கடைசி நாளில் தன் கையெழுத்துக் குறிப்புகள் அத்தனையையும் என் மேசையில் அடுக்கி வைத்துவிட்டுப் போனார். பிறகு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. மூன்றாவது திரும்பி வந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டாராம். எங்கே போனார் என்று அடுத்த வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை.

போன விடுமுறையில் திண்டிவனம் மாதா கோயிலில், அவர் பேருக்குப் பூசை வைக்கப் போனேன். பூசைக்குப் பேர் எழுதும் உபதேசியார் நோட்டைப் பிரித்தார்.

"டீட்டரா? உயிரோட கீறாரா, செத்துட்டாரா? ரெண்டுக்கும் வேற வேற பக்கங்க."

"தெரியலீங்க."

"இன்னா சார் இது! சரி, எந்த ஊரு?"

"எங்க ஊருதாங்க" என்று, ஜெர்மனியை நினைத்துச் சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவை மூடாமல் என்னையே பார்த்தார். "இந்தப் பேர்ல நம்ம ஊர்ல யாரும் இல்லீங்களே" என்றார்.