ஃபெயிலான பேப்பர் வகுப்பு

ஒருவரைப் பழிவாங்குவதற்காகப் படிக்கலாமா? தமிழ்ச்செல்வி இப்படிக் கேட்டபோது இதை எழுதுகிறவனுக்குப் பதில் தெரியவில்லை. "தெரியலன்னா பரவால்ல, கதைய கேளு" என்று அவள் சொன்னாள். அந்தக் கதைதான் இது.

தமிழ்ச்செல்விக்கு ஊர் கீரப்பாளையம். பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம். கணவன் கதிர்வேலுக்கு சேத்தியாத்தோப்பில் நெல் மில்லில் வேலை. இரண்டாவது பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் அவளும் வேலைக்குக் கிளம்பினாள். சிதம்பரம் போய், அங்கிருந்து கடலூர் பஸ் பிடித்து, திருப்பாதிரிப்புலியூரில் பொன்னுரங்கத்தின் ஜெராக்ஸ் கடையில் போய் உட்காருவாள். பதினாறு வருஷம் உட்கார்ந்தாள்.

கடை போர்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் என்று எழுதியிருக்கும். உண்மையான வியாபாரம் போர்டில் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் பி.ஏ., எம்.ஏ. படிக்கிறவர்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் அசைன்மென்ட் எழுதித் தர வேண்டும். வீட்டில் உட்கார்ந்து, பாடத்தைப் படித்து, கைப்பட எழுத வேண்டும். அதற்கு நேரம் இல்லாதவர்கள் பெயரையும் பதிவு எண்ணையும் கடையில் சொல்லிவிட்டுப் போவார்கள். நாலு நாள் கழித்து வந்தால் அசைன்மென்ட் தயாராக இருக்கும். எழுதுகிற கை தமிழ்ச்செல்வியுடையது.

எல்லாம் ஒரே எழுத்தில் இருந்தால் மாட்டிக்கொள்வார்கள். அதனால் அவள் ஒன்பது விதமாக எழுதப் பழகியிருந்தாள். போலீஸ்காரருக்கு வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, நர்சுக்கு உருண்டை எழுத்து. பொன்னுரங்கத்துக்குப் பெரிய பெரிய எழுத்து. ஆமாம், அவரும் பி.ஏ. வரலாறு சேர்ந்திருந்தார். வியாபாரிகள் சங்கத்தில் தலைவராக நிற்க ஆசை, பெயருக்குப் பின்னால் பட்டம் இருந்தால் எடுப்பாக இருக்குமாம். அவருடைய அசைன்மென்ட் எல்லாவற்றையும் அவள்தான் எழுதிக் கொடுத்தாள். பரீட்சையை மட்டும் அவர் வருஷா வருஷம் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. இத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்தோமே, நாமே ஏன் ஒரு பட்டம் வாங்கக் கூடாது? பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். சனி, ஞாயிறுகளில் சிதம்பரத்தில் காண்டாக்ட் கிளாஸ். சனிக்கிழமை லீவு கேட்டுப் பொன்னுரங்கத்திடம் நின்றாள்.

கடையில் கூட்டமாக இருந்தது. அவர் எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தார்.

"இன்னா செல்வி, நீ பி.ஏ.வா? இந்த மெஷின் கூடத்தான் தெனம் ஆயிரம் பக்கம் எடுக்குது. அதுக்கு எவனாச்சும் பட்டம் குடுத்தானா?"

வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். அதில் பாதிப் பேர் அவள் எழுதிக் கொடுத்ததை வாங்க வந்தவர்கள்.

லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளாசுக்கு மட்டும் போய், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். முதல் வருஷப் பரீட்சையில் ஐந்து பேப்பரில் நாலு ஃபெயில். ஒவ்வொரு பேப்பருக்கும் அடிஷனல் ஷீட்டாக வாங்கிக் கட்டியிருந்தாள். நிறைய எழுதினால் மார்க் விழும் என்றுதான் எல்லாரையும் போல அவளும் நம்பினாள். பொன்னுரங்கம் அவளுடைய ரிசல்ட்டைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து, 'நமது கடையின் சாதனை' என்று மேலே எழுதி, கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினார். இரண்டு நாள் அதன் கீழேயே உட்கார்ந்து அவள் வேலை பார்த்தாள். மூன்றாம் நாள், எழுதிக்கொண்டிருந்த அசைன்மென்ட்டைப் பாதி வரியில் விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பஸ்ஸில் அழுகை வரவில்லை. ஆலப்பாக்கம் தாண்டும்போது இந்த ஆளுக்கு என்ன செய்தால் வலிக்கும் என்று யோசித்தாள். பி.முட்லூர் வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள். ஒன்று, பட்டம் வாங்குவது. இன்னொன்று, அந்தக் கடையின் அசைன்மென்ட் வியாபாரத்தை வேரோடு பிடுங்குவது. அவள் இறங்கிவிட்டால் அவர் எழுத வேறு ஒரு கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்.

முதலில் தான் ஏன் தோற்றோம் என்று தெரிய வேண்டும். ஃபெயிலான நாலு விடைத்தாளுக்கும் நகல் கேட்டு விண்ணப்பித்தாள். தபாலில் வந்தது. பிரித்தாள். 'சோழர் கால ஊராட்சி முறையைப் பல்லவர் கால முறையோடு ஒப்பிடுக' என்பது கேள்வி. அவள் சோழரைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல்: 'பல்லவர் எங்கே?' பதினைந்துக்கு மூன்று மார்க்.

அந்த ஆறு பக்கமும் கடையில் முந்நூறு தடவையாவது அவள் எழுதியதுதான். சோழர் என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாக ஓடியிருக்கிறது. கேள்வியைக் கடைசிவரை படிக்கவே இல்லை. மெஷின் என்று பொன்னுரங்கம் சொன்னது ஒரு வகையில் உண்மைதான் என்று தெரிந்ததும் அவளுக்குக் கோபம் இரண்டு மடங்கானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காண்டாக்ட் கிளாஸ் நடக்கும் பள்ளிக்கூடத்தின் சைக்கிள் ஷெட்டில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏழு பேரைக் கூட்டினாள். எல்லாரும் முப்பதைத் தாண்டியவர்கள், எல்லாரும் அரியர் வைத்தவர்கள். இரண்டு நிபந்தனை போட்டாள். வருகிறவர்கள் ஃபெயிலான விடைத்தாளின் நகலோடு வர வேண்டும். பொன்னுரங்கம் கடைப் படியை இனி மிதிக்கக் கூடாது.

வயர்மேன் காத்தவராயனுக்கு நாற்பத்தேழு வயது. தன் விடைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எடுக்கவே மறுத்தார்.

"இத போயி நாலு பேர் மத்தியில காட்டச் சொல்றியே தங்கச்சி. எம் பொண்டாட்டிக்கே காட்டல."

"அவுங்களுக்குக் காட்டி இன்னா ஆவப்போவுது? இங்க காட்டுங்க. மார்க் எங்க ஒழுகுதுன்னு பாக்கலாம்."

பரங்கிப்பேட்டை ரசியா அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணே, மூணு கேள்விதான் எழுதியிருக்கீங்க. மீதி ரெண்டு எங்க?"

"கை வலிச்சுடுச்சும்மா. கம்பத்துல ஏறுற கை. பேனாவ ஒரு மணி நேரம் புடிச்சா வெறைச்சுக்குது."

"அப்ப கைக்குத்தான் டியூஷன்" என்றாள் தமிழ்ச்செல்வி.

அப்படித்தான் வகுப்பு நடந்தது. காத்தவராயன் தினம் காலையில் டூட்டிக்கு முன்னால் அரை மணி நேரம் எழுத வேண்டும். வாரத்துக்குப் பத்து நிமிஷம் கூட்டிக்கொண்டே போனார். தையல் ஊசியே பிடிக்காத விரல்கள் நாலு மாதத்தில் மூன்று மணி நேரம் எழுதின. ரசியாவின் சிக்கல் வேறு. பாடம் புரியாவிட்டாலும் கையைத் தூக்கிக் கேட்க மாட்டாள். பாடம் எடுக்கிறவர் அவள் தம்பி வயசுப் பையன். அவன் முன்னால் எப்படி அசடாக நிற்பது? ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சந்தேகமாவது கேட்காமல் ஷெட்டுக்கு வரக் கூடாது என்று தமிழ்ச்செல்வி சொல்லிவிட்டாள். முதல் நாள் ரசியா ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டுவிட்டு வந்தாள். "இதுவும் கேள்விதானேக்கா" என்றாள். ஒரு மாதத்தில் பாடம் எடுக்கிறவர், அந்த அம்மா இன்றைக்கு என்ன கேட்கப் போகிறதோ என்று தயார் செய்துகொண்டு வர ஆரம்பித்தார்.

கேள்வியை மூன்று தடவை படி. என்ன கேட்கிறான் என்று உன் பேச்சிலேயே பக்கத்திலிருப்பவரிடம் சொல். புத்தகத்தை மூடிவிட்டு எழுது. அவளுக்குத் தெரிந்த பாடம் இவ்வளவுதான். எல்லாம் தோற்ற பேப்பர்களைப் பார்த்துக் கண்டுபிடித்தது.

ஏழு பேர் பதினொன்றாகி, இருபதானார்கள். இவர்களைப் பார்த்து வெளியிலும் பலர் கடையை விட்டார்கள். ஒருவர் நின்றுவிட்டார் என்று கேள்விப்படும்போதெல்லாம் பொன்னுரங்கத்தின் பல் ஒன்றைக் குறடு வைத்துப் பிடுங்கிய மாதிரி அவளுக்கு இருக்கும். அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் ஜாஸ்தியாகவே இறங்கும்.

பொன்னுரங்கத்துக்கும் விஷயம் எட்டியது. இரண்டாம் வருஷப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது படிப்பு மையத்துக்கு ஒரு புகார் போனது. தமிழ்ச்செல்வி பல பேருக்கு அசைன்மென்ட் எழுதிக் கொடுத்தவள், பல எழுத்தில் எழுதத் தெரிந்தவள், பரீட்சையில் ஆள் மாறாட்டம் செய்வாள், அவளுக்கு ஹால் டிக்கெட் தரக் கூடாது. மாணவர்கள் கொடுக்கும் புகாரைத்தான் மையம் வாங்கும். அதனால் பொன்னுரங்கம் தன் பதிவு எண்ணை மேலே போட்டு, மாணவராகவே கொடுத்திருந்தார்.

மைய ஒருங்கிணைப்பாளர் அந்தோணிசாமி ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்கு வரச் சொன்னார்.

"இல்லவே இல்லன்னு சொல்லிடு" என்றான் கதிர்வேல். "எவன் வந்து சாட்சி சொல்லப்போறான்?"

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. யார் பெயருக்கு எந்த எழுத்து என்று குழம்பாமல் இருக்கக் குறித்து வைத்தது. அதைக் கொண்டுபோய்ப் போட்டால் பொன்னுரங்கத்தின் கதை முடிந்தது. ஆனால் அதில் ரசியாவின் பெயர் இருந்தது. காத்தவராயனின் பெயரும் இருந்தது. நோட்டை அடுப்பில் போட்டாள்.

"என்னா பண்ற நீ? இருந்த ஒரே ஆதாரம்!"

"அவன் ஒருத்தன் மேலதான் படணும். பக்கத்துல நிக்கறவங்க மேல படக்கூடாது."

விசாரணை அறையில் பொன்னுரங்கம் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். அந்தோணிசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"மத்தவங்களுக்கு அசைன்மென்ட் எழுதிக் குடுத்தீங்களாம்மா?"

"குடுத்தேன் சார். பதினாறு வருஷம்."

அவர் எதிர்பார்க்கவில்லை. "யாருக்கெல்லாம்?"

"ஒருத்தர் பேரு மட்டும் சொல்றேன். புகார் குடுத்திருக்காரே, அவருக்கு."

பொன்னுரங்கம் எழுந்துவிட்டார். "அபாண்டம் சார்! எல்லாம் நானே ராவும் பகலுமா உக்காந்து எழுதனது!"

அந்தோணிசாமி பீரோவைத் திறந்து பொன்னுரங்கத்தின் அசைன்மென்ட் கட்டை எடுத்தார். புரட்டினார். "சோழர் கால நீர்ப்பாசனம் பத்தி நல்லா எழுதியிருக்கீங்களே. நம்ம பக்கத்து ஏரி ஒண்ணு இதுல வருது. எது?"

"அது வந்து... வயசாயிடுச்சில்ல சார், மறந்துபூடுச்சு."

"சரி. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு தாள் எடுத்துக்குங்க. இதே கேள்வி. முக்கால் மணி நேரம்."

தமிழ்ச்செல்வி கேள்வியை மூன்று தடவை படித்தாள். பிறகு எழுதினாள். ஒன்பது எழுத்தில் எதுவும் இல்லை அது. கோணலும் மாணலுமாக, வேகமாக, வீராணத்திலிருந்து ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டாள். மீதி இருபது நிமிஷத்தை வீணாக்கவில்லை. பொன்னுரங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெயர் எழுதினார். அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவு எண் எழுதினார். ஸ்கேல் கேட்டு வாங்கி நாலு பக்கமும் கோடு போட்டார். நெற்றியைத் துடைத்தார். அதற்கு மேல் தாளில் ஒன்றும் ஏறவில்லை.

அவள் மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "மொதலாளி, மெஷின் இன்னும் சூடாவலையா?"

அப்போது கதவு திறந்தது. காத்தவராயன் முன்னால், ரசியா பின்னால், இன்னும் ஒன்பது பேர். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

"எங்களுக்கும் தாள் குடுங்க சார்" என்றார் காத்தவராயன். "நாங்களும் காசு குடுத்து எழுத வாங்கனவங்கதான். அந்தம்மா சொல்லாது. நாங்களே சொல்லிடறோம்."

ரசியா கையைத் தூக்கினாள். "சார், ஒரு சந்தேகம். எல்லாத்தையும் நாங்க திரும்ப எழுதிக் குடுத்தா ஏத்துக்குவீங்களா?"

அந்தோணிசாமி கட்டைத் திரும்பப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு முடிவு சொன்னார். பதினொரு பேரும் வருகிற இரண்டு ஞாயிறும் அவர் கண் முன்னால் பழைய அசைன்மென்ட்டுகளைத் திரும்ப எழுத வேண்டும். பொன்னுரங்கத்துக்கும் அதேதான். தமிழ்ச்செல்வி தன் பெயரில் கொடுத்ததெல்லாம் அவளே எழுதியது. ஆனாலும் செய்த தப்புக்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தாள். ஹால் டிக்கெட் கைக்கு வந்தது.

பதினொரு பேரும் வந்து எழுதினார்கள். பொன்னுரங்கம் வரவில்லை. இரண்டாவது ஞாயிறு முடிவதற்குள் கடலூர் கடைத்தெரு முழுக்க விஷயம் பரவிவிட்டது. பெயர் எழுதிக் கோடு போட்ட கதையை டீக்கடையில் நடித்தே காட்டினார்களாம். சங்கத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. கடையில் இப்போது ஜெராக்ஸ் மட்டும்தான்.

"அவரு மூஞ்சியப் பாத்தப்ப எனக்கே பாவமா இருந்துச்சு தங்கச்சி" என்றார் காத்தவராயன்.

"எனக்கு இல்ல" என்றாள் அவள்.

பரீட்சையில் அரியர் நாலு, புதியது ஐந்து. ஒன்பது பேப்பரில் எட்டு பாஸ். ஒன்று போய்விட்டது. அதன் நகலுக்கு அன்றைக்கே விண்ணப்பித்தாள். வந்ததும் சைக்கிள் ஷெட்டில் எல்லாருக்கும் நடுவில் விரித்து வைத்து, எங்கே ஒழுகியது என்று அவர்களையே தேடச் சொன்னாள். ரசியாதான் கண்டுபிடித்தாள்.

இப்போது மூன்றாம் வருஷம். அந்த ஆளை ஒருவழி பண்ணியாகிவிட்டதே, கோபம் குறைந்ததா என்று அவளிடம் கேட்டால் புருவத்தை நெரிக்கிறாள்.

"கொறைஞ்சுட்டா மூணாம் வருஷத்த யாரு படிக்கறது?"

உங்களுக்குத் தெரிந்த யாராவது அசைன்மென்ட் எழுதிக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். அவர் காது கொடுக்காவிட்டால், அவருக்காக எழுதிக்கொண்டிருக்கும் ஆளைத் தேடிப் பிடித்துச் சொல்லுங்கள்.