பீவியம்மா வீட்டுக் கம்பம்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த தெருவில் பிரசவம் பார்த்தவர் ஜைத்தூன் பீவி. அந்தத் தெருப் பெண்கள் பகலெல்லாம் பட்டறையில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் செய்தார்கள். அவர்கள் வீடுகளில் எரிந்தது சிம்னி விளக்குதான்.

1968 ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் ஆராயிக்கு வலி கண்டது; பீவி போயிருந்தார். குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில் காற்றில் விளக்கு அணைந்தது. நமுத்த தீக்குச்சிகளோடு மாமியார்க்காரி போராடி, மறுபடி விளக்கை ஏற்றியபோது குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி இறுகியிருந்தது. ஆராயி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

மறுநாளே பீவி மின்சார ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகவே பேசினார்.

"லைன் இழுக்கலாம்மா. நடுவுல ஒரு கம்பம் நடணும். அந்த எடம் கொளஞ்சியப்பன் கொல்லையில வருது. அவர் சம்மதிக்கணும்."

கொளஞ்சியப்பன் சம்மதிக்கவில்லை. "கம்பம் நட்டா நான் ஏரை எப்படிம்மா திருப்புறது?" என்றார். அவர் கொல்லையில் மல்லாட்டைக் கடலை விதைக்கும்போது பீவி போய்க் கேட்டார். பிடுங்கி முடித்த பிறகும் போய்க் கேட்டார். அதே பதில்தான்.

பீவி திரும்பவும் ஆபீசுக்குப் போனார். "அந்தக் கொல்லைய வுடுங்க சார். எங்க வூட்டுப் பக்கமா சுத்திக் கொண்டாங்க. எடம் நான் தரேன்."

அதிகாரி நேரில் வந்து பார்த்தார். "இங்க உங்க சமையக்கட்டு இருக்குதேம்மா?"

"இடிச்சிடறோங்க."

கணவர் அமீனுதீனுக்கு இது அப்போதுதான் தெரியும். "சோறு எங்க ஆக்குவே?" என்று கேட்டார்.

"வெளியில ஆக்கிக்கறேன். அந்தப் புள்ள மொகம் என் கண்ண வுட்டுப் போவலங்க."

அமீனுதீன் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார்.

சுவர் இருந்த இடத்தில் கம்பம் நிற்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. முதல் பல்பைத் தன் வீட்டு முன்னறையில், வேண்டிய பக்கம் இழுத்துப் பிடிக்கிற மாதிரி நீளமான ஒயரில் மாட்டச் சொன்னார் பீவி. பிறகு வீடு வீடாகப் போய், "வலி கண்டா இங்க வந்துடுங்க" என்றார். அடுத்தவர் வீட்டில் போய்ப் பெற்றுக்கொள்வதா என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டு பிரசவம் அப்படியே சிம்னி வெளிச்சத்தில் நடந்தது. பீவி கோபித்துக்கொள்ளாமல் அங்கேயும் போய்ப் பார்த்தார். வெளியே வந்ததும் மறுபடி அதையே சொன்னார்.

கடைசியில் தனக்கோடி வந்தாள். பல்பை அவள் அம்மா பிடித்துக்கொண்டார். தலை தெரிந்ததுமே கழுத்தைச் சுற்றியிருந்த கொடியும் பீவிக்குத் தெரிந்தது. விரலை உள்ளே விட்டு நெகிழ்த்தி, தலைக்கு மேலாகக் கழற்றினார். குழந்தை வீறிட்டது.

"என்ன பீவியம்மா, கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு?" என்றார் தனக்கோடியின் அம்மா, பயந்துபோய்.

"வெளிச்சம் கூசுதும்மா," என்றார் பீவி. "கொஞ்சம் தள்ளிப் புடிங்க."