பெயரில்லாத பதிவேடு

கார்பன் தாளுக்கென்று ஒரு வாசனை உண்டு. மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற அந்த வாசனை அம்மாவின் விரல்களில் எப்போதும் இருக்கும். சோறு பிசைந்து எனக்கு ஊட்டும்போதுகூட நுனிவிரலின் நீலம் முழுதாகப் போயிருக்காது. எழுபதுகளின் கடைசியில், ஆண்டிமடத்துக்குப் பக்கத்து ஊரில், அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி ஒன்றில் அம்மா மூன்றாம் வகுப்பு ஆசிரியை. முந்திரிக்காட்டில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பயிற்சி முடித்து ஆசிரியையான முதல் ஆள் அவள்தான். பள்ளி நிர்வாகி வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் கல்வி ஆபீஸ் அதை ஒப்புக்கொண்டால்தான் சம்பளம் வரும், வருகைப் பதிவேட்டில் பெயரும் ஏறும். அந்த ஒப்புதலுக்கு எங்கள் வீட்டில் தமிழ்ச்சொல் புழங்கியதில்லை. "அப்ரூவல்" என்றே சொல்வோம்.

பள்ளியில் ஆங்கில எழுத்துகள் தொடங்கும் முன்பே எனக்குத் தெரிந்த ஆங்கிலம் இவ்வளவுதான்: அம்மா கார்பன் தாள் வைத்து நகலெடுத்து எழுதும் மனு இங்கிருந்து போனால் "பார்வர்டு", பார்க்க வருகிறவர் நல்லபடியாக எழுதினால் "ரெகமண்டு", மேலே கையெழுத்தானால் "சாங்ஷன்". பள்ளிக்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரவேண்டியது "ரினிவல்". அது வராவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். குழாயடியில் அம்மாவைப் பார்த்தாலே யாராவது ஆரம்பிப்பார்கள்.

"என்னா டீச்சர், அப்ரூலு வந்துருச்சா?"

"வரும்க்கா."

"நம்மூரு பஸ்ஸாட்டமுல்ல இருக்கு. வருது வருதுங்கிறீங்க, தூசியக்கூடக் காணும்."

பதிவேட்டில் பெயர் இல்லாததால், நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அம்மாவே கட்டம் போட்டு, தேதி, வந்த நேரம், கையெழுத்து என்று நாள் தவறாமல் எழுதி வந்தாள். கடைசிக் கட்டம் தலைமையாசிரியர் ஒப்பமிட. அவரை நாங்கள் "பெரிய சார்" என்போம். நோட்டை நீட்டும்போதெல்லாம், "அப்ரூவல் வரட்டும் டீச்சர், மொத்தமாப் போட்டுடலாம்" என்பார்.

ஆண்டாய்வுக்குக் கல்வி ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அம்மா மறைந்துகொள்ள வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். ஒப்புதல் இல்லாத ஒருவர் பாடம் நடத்துவது தெரிந்தால் ரினிவலுக்கு ஆபத்து என்று பெரிய சாருக்குப் பயம். நான் அம்மாவின் வகுப்பில் படித்த அந்த ஆண்டும் முதல்நாளே எங்களுக்குப் பயிற்சி நடந்தது. "ஒங்களுக்கு யாரு பாடம் எடுக்குறா?" என்று அம்மா கேட்பாள், "பெரிய சார்" என்று நாங்கள் கத்துவோம். வாய்ப்பாடு மாதிரி, பிசிறில்லாமல் வரும்வரை விடவில்லை.

மறுநாள் அம்மா எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு எதிரே இருந்த மதிய உணவுக் கொட்டகையில், செல்லம்மா ஆயாவோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார்.

"பரவால்லியே, சமையலுக்கு ரெண்டு ஆளா?"

"இருந்து சாப்புட்டுப் போங்க சார், அப்பறம் சொல்லுங்க" என்றாள் ஆயா. பெரிய சார் அளவுக்கு மீறிச் சிரித்தார். அம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு அவர் எங்கள் வகுப்புக்கு வந்து, முன்வரிசையில் இருந்த என்னை எழுப்பினார். "ஒங்களுக்கு யாரும்மா பாடம் எடுக்குறது?"

"பெரிய சார்."

ஜன்னல் வழியே பார்த்தேன். பாடத்தைத் தவறில்லாமல் ஒப்பித்தால் தலையசைப்பாளே, அதே போல அம்மா மெல்லத் தலையசைத்தாள்.

"வேற டீச்சர் யாரும் வர்றதில்லியா?"

இந்தக் கேள்விக்கு யாரும் எனக்குப் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை. பெரிய சாரைப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்த இந்திய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லீங்க சார்" என்றேன். அம்மா முறத்தின்மேல் குனிந்திருந்தாள். அது அவள் காதில் விழுந்ததா என்று நான் பின்னர் கேட்டதே இல்லை, அவளும் சொன்னதில்லை.

இரண்டு வாரத்தில் தபால் வந்தது. ஆண்டாய்வோடு சேர்த்து, அம்மா உண்மையிலேயே வேலை பார்க்கிறாளா என்று நேரில் பார்த்து எழுதவும் இன்ஸ்பெக்டருக்கு உத்தரவு இருந்திருக்கிறது. அப்படி யாரும் பணியில் இல்லை என்று எழுதி, கீழே "நாட் ரெகமண்டட்" என்று முடித்திருந்தார்.

அன்று மாலை பெரிய சார் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "இப்ப ஆபீஸுக்கு நெசத்த எழுதுனா இத்தன வருஷம் மறைச்சதும் வெளிய வந்துடும் டீச்சர். ரினிவல் போயிடும். பள்ளிக்கூடமே போயிடும்."

அம்மா, "புள்ளைங்க நல்லாத்தான் சொல்லுச்சுங்க சார்" என்றாள்.

அடுத்த ஜூனில் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். அவருக்கு அதே ஆண்டில் ஒப்புதல் கிடைத்தது. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகைக்குப் போனாள். ஓட்டுப் பால் பட்டு விரல்தோல் உரிந்தது. நீலம் இருந்த இடத்தில் கறுப்பு ஏறியது. அதன்பின் எனக்கு அவள் சோறு பிசைந்து ஊட்டவில்லை. நானே சாப்பிடப் பழகிவிட்டேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம்.

இப்போது கார்பன் தாளைக் காண்பதே அரிது. மூன்று முறை ரினிவல் வாங்கிய அந்தப் பள்ளி பிள்ளைகள் இல்லாமல் மூடப்பட்டு, கொட்டகை இருந்த இடத்தில் கருவேலம் மண்டிவிட்டது. அம்மாவும் இல்லை. என் நாட்குறிப்புகளை வைத்திருக்கும் அலமாரியில் அந்த நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஆண்டாய்வு நாளுக்கும் அதில் ஒரு வரி உண்டு: தேதி, வந்த நேரம் எட்டு ஐம்பது, கையெழுத்து. அன்றும் அவள் வந்திருக்கிறாள். கடைசிக் கட்டம், முதல் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும், அதற்குப் பிறகும், வெறுமையாகவே இருக்கிறது.